நீ என் பெயரில் சொன்ன ‘ஏலாது’

தம்பி,

கல்யாணத்துக்கென்று வீடு எடுத்து, நடந்து போகிற தூரத்தில் பாமன்கடையில் இருக்கிற மகனுக்கு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஒரு தாய் கடிதம் எழுதுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நேரே கதைத்தால் நீ “ஓமம்மா, பிறகு கதைப்பம்” என்று சொல்லிக்கொண்டே போனைப் பார்ப்பாய். போனில் கதைத்தால் உனக்கு உடனே ஒரு மீட்டிங் வந்துவிடும். கடிதத்தை மட்டும்தான் நீ குறுக்கே கதைத்து நிறுத்த முடியாது. அதனால் குசினி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து வாசி. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். சேலை, மண்டபம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிட்டோம், கதைக்க வேண்டியதை மட்டும் கதைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நீ கட்டப்போகிற விபா என்னிடம் வந்து, தாய்லாந்தில் அவளுடைய சொந்தப் பக்கத்திலேயே ஒரு ஆராய்ச்சி நிலையத்தை நடத்தும் பொறுப்புக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு முதல் பதில் கொடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதப் போகிறாளாம். ஏன் பிள்ளை என்று கேட்டேன். அவள் சொன்ன காரணம் நான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது நன்றி. அப்பா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு அறைகளில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வீட்டுக்குள் திரும்பவும் சிரிப்பைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். அவளைக் கண்டுபிடித்ததற்கு உனக்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ செய்த காரியங்களிலேயே புத்தியான காரியம் அதுதான், அதுவும் நீ விரும்பிச் செய்ததில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கம்பனி ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் கேள்வி கேட்பதற்கான மென்பொருள் செய்து கொடுத்தது. நீ நன்றாகத்தான் செய்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இருந்தாய். அங்கேயிருந்து தாய்லாந்துக்காரி ஒருத்தி, வேளாண்மைப் பொருளியலாளர், திரும்பத் திரும்ப அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். நீ வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, “அந்த மேடம் ஒரு விசர் அம்மா. ‘எவ்வளவு வித்தனீங்கள்’ எண்ட கேள்வி முதல்ல வரக்கூடாதாம். ‘வீட்டுக்கு எவ்வளவு வைச்சனீங்கள்’ எண்டுதான் தொடங்க வேணுமாம். ரெண்டும் ஒண்டுதானே?” என்று கத்தினாய். ரெண்டும் ஒன்றில்லை என்று உனக்கு விளங்க வைப்பதற்கு அவள் உன்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள். பிறகு நீ கேள்விகளின் ஒழுங்கைப் பற்றிக் கதைக்கவே கிழமைக்கு நாலு தரம் அவளுடைய அலுவலகம் இருக்கிற பத்தரமுல்லைப் பக்கம் போனாய். நான் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தேன். உன் வேலையைத் திருத்தச் சொல்லி நீ திருத்திய முதல் மனுசி அவள். நான் சொல்லி நீ உன் கட்டில் விரிப்பைக்கூடத் திருத்தியதில்லை.

அவள் முதல் தடவை நம் வீட்டில் தங்கிய சனிக்கிழமையை நான் சாகும் மட்டும் மறக்க மாட்டேன். விடிய எழும்பிக் குசினிக்குள் போனால், ஒரு சட்டி நிறைய அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. அப்பத்துக்கு நான்தான் ஊறப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கு மறதி வருகிறதோ என்று ஒரு பயம், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடினால்கூட நெஞ்சு திக்கென்கும். அதனால் யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிடுவோம் என்று அவ்வளவையும் கிரைண்டரில் போட்டு அரைத்துவிட்டேன். மா என்னவோ வழமையைவிட இழுவையாக இருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனையும் மனதுக்குள் திட்டினேன். விபா எழும்பி வந்து வெறும் சட்டியைப் பார்த்தாள், கிரைண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அது அவள் தகப்பனுடைய வயலில் விளைந்த ஒட்டரிசி. எங்களுக்கு அவள் ஊர்ச் சாப்பாடு போட வேண்டும் என்று தாய்லாந்திலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஊறவைத்து மூங்கில் கூடையில் அவிக்க வேண்டியதை நான் கூழாக்கி வைத்திருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். “மாமி, நோ ப்ராப்ளம்” என்று சொல்லி, ஒரு வெள்ளைத் துணி வாங்கி, மாவைக் கட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துத் தண்ணீரை வடிய விட்டாள். உள்ளே வைக்க நான் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறினேன். அன்றைக்குக் கொழுக்கட்டை அவித்தோம். அவள் ஊரிலும் கோயிலுக்கு இப்படித்தான் செய்வார்களாம். நீ எழும்பி வந்து ஒன்றும் விளங்காமல் எண்ணிக்கை இல்லாமல் தின்றாய்.

அந்தக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். நீ குளிக்கப் போய்விட்டாய், உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் பேச்சு ஆங்கிலமும் தமிழும் கையும் கண்ணும் கலந்தது. ஆனால் எனக்கு எல்லாம் விளங்கியது. அவளுடைய ஊர் தாய்லாந்தின் வடகிழக்கு. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நெல் விதைப்பார்களாம். மல்லிகை அரிசி விற்க, ஒட்டரிசி வீட்டுக்கு. விலை கூடின அரிசியை மற்றவர்களுக்கு விற்றுவிட்டு, தாங்கள் ஒட்டரிசியைக் கையால் உருட்டிச் சாப்பிடுவார்கள். அவள் பாங்கொக்குக்குப் படிக்கப் போனபோது கூடப் படித்தவர்கள் ஒட்டரிசிக்காரி என்று பகிடி பண்ணினார்களாம். அதனால் படிக்கிற காலம் முழுக்க ஆட்களுக்கு முன்னால் அவள் அதைத் தொடவில்லையாம். கெட்டிக்காரி, படித்து முடித்து அரசாங்கத்தில் வேலை கிடைத்தது. தொடக்கத்தில் அவள் எழுதிய யோசனைகளில் ஒன்று என்ன தெரியுமா? வீட்டு நெல் விதைக்கிற வயலிலும் மல்லிகை நெல்லையே விதையுங்கள், அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஒட்டரிசியைக் கடையில் மலிவாக வாங்குங்கள் என்பதுதான். தாளில் பார்த்தால் சரிதானே. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர் கேட்டார். அவளுடைய தகப்பன்.

படித்த மகள் சொல்கிறாள் என்று அந்த மனுசன் வீட்டு வயலையும் மாற்றி விதைத்தார். அந்தப் போகம் மல்லிகை அரிசியின் விலை விழுந்தது, ஒட்டரிசி விலை ஏறியது. ஊருக்குள்ளேயே அவர்களுடைய வீடு ஒன்றுதான் கடையில் அரிசி வாங்கிய வீடு. தகப்பன் பட்டணத்துக் கடையில் வாங்கிய அரிசிப் பையைப் பழைய சாரத் துணியால் மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, பின்பக்க வழியால் வருவாராம். லீவில் வீட்டுக்குப் போயிருந்த விபா அதைக் கண்டுவிட்டாள். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “இந்த அரிசியும் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக் கொண்டு சாப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போனாள். ஒரு குடும்பம் விற்காமல் எதை வைத்துக்கொள்கிறது, ஏன் வைத்துக்கொள்கிறது, அதைத்தான் படித்தாள். சந்தைக்கு வராத நெல்லைப் பற்றிப் பொருளியலில் என்ன படிப்பு என்று பேராசிரியர்கள் கேட்டார்களாம். அவள் விடவில்லை. லாவோஸ், வியட்நாம் என்று வயல் வயலாகத் திரிந்து, கடைசியில் உரமும் இல்லை, சமையல் காஸும் இல்லை என்று நாங்கள் வரிசையில் நின்று களைத்துப்போன காலத்தில் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். இங்கே ஒரு கூட்டத்தில் யாரோ பெரியவர், விவசாயிகள் நெல்லைப் பதுக்குகிறார்கள் என்று சொன்னாராம். இவள் எழும்பி, “அது பதுக்கல் இல்லை, அது அவர்களுடைய சாப்பாடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். நீதான் அதை என்னிடம் வந்து சொன்னாய். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நீ பட்டம் வாங்கிய அன்றுகூட நான் காணவில்லை.

அவள் வேலை செய்கிறதை நீ கணினியில்தான் பார்த்திருக்கிறாய். நான் கண்ணால் பார்த்தவள். கிளிநொச்சிக்குப் போக, பக்கத்திலிருந்து தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாளே, அந்தப் பயணத்தைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் புருசன்காரன் வாகனத்தைக் கண்டதும் கதிரை போட்டு, சோடா உடைத்து, எத்தனை மூட்டை விற்றேன், என்ன விலைக்கு விற்றேன் என்று பாடமாக்கினது மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார். விபா அவர் முடிக்கும் வரை கேட்டாள். பிறகு வீட்டுக்காரியைப் பார்த்து, “அக்கா, வீட்டு நெல்லைக் காட்டுவீங்களா?” என்றாள். வாகனத்தில் வரும்போது என்னிடம் படித்த தமிழ். அந்தப் பெண் எங்களை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இது சாப்பாட்டுக்கு, இது விதைக்கு, இது கோயில் பொங்கலுக்கு, இது கல்யாணம் கட்டிப்போன மகளுக்கு என்று ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிக் காட்டினாள். காட்டக் காட்ட அவளுடைய குரல் மாறியது. “இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை, தங்கச்சி. வாறவை எல்லாரும் வித்ததைத்தான் கேப்பினம்” என்றாள். பிறகு நாங்கள் வெளிக்கிட மனமில்லாமல் பின்னேரம் வரை அங்கேயே இருந்தோம். நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட ஒரு வரைபட அலுவலகத்தில் வயல்களைக் கோடாகக் கீறினவள், தம்பி. அந்தக் கோடுகளுக்குள் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பயணத்துக்காகவும் நான் அவளுக்கு நன்றிக்கடன் பட்டவள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவள் வந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அந்த நிலையம் அவளுடைய ஊரிலிருந்து கொஞ்ச நேரப் பயணம்தானாம். அவளுடைய முறையிலேயே, அவளுடைய கேள்விகளோடு, அவளுடைய ஆட்களிடம் வருசக்கணக்கில் படிக்கலாமாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ கிடைத்த வேலை மாதிரிச் சொன்னாள்.

“அப்ப ஏன் பிள்ளை வேண்டாம் எண்டுறீர்?”

“மாமி தனிய. அவர் சொன்னார், ‘அம்மாவைத் தனிய விட்டிட்டு வர ஏலாது, அம்மா தாங்க மாட்டா’ எண்டு.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “சரி மாமி. நான் போகேல்லை” என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பிள்ளை என்னை விட்டுப் போக மாட்டான் என்று நெஞ்சு ஒருதரம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடுப்பில் வைத்த கறி கொதிக்கும் மட்டும்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், நான் எப்போது அப்படிச் சொன்னேன்? நீ என்னிடம் கேட்டாயா? அப்படி ஒரு வேலை வந்திருக்கிறது என்றே எனக்குத் தெரியாதே. என்னைக் கேட்காமல், என் பெயரில், என் வயதை முன்னால் வைத்து ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறாய். அவளும் நான் ஆசைப்பட்டதாக நினைத்து, எனக்காக, முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுக்கப் போகிறாள்.

இந்தக் கதை எனக்குப் புதிசில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். கண்டியில் எங்கள் அலுவலகத்தின் கிளையில் வரைபடப் பகுதியைப் பொறுப்பெடுக்க என்னைக் கேட்டார்கள். பெண்கள் ஒருவரும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை. நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஐயாவைத் தனிய விட ஏலாது. இந்த வயசில கண்டிக் குளிரை அவர் தாங்கமாட்டார்” என்றார். அப்பப்பா எங்களோடு இந்த வீட்டில்தான் இருந்தார், தெரியும்தானே. நானும் சரி என்றுவிட்டேன். பெரியவருக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று மனதுக்குள் எனக்கே ஒரு மெச்சல்கூட இருந்தது. கன நாளைக்குப் பிறகு, ஒருநாள் பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்த அப்பப்பா என்னிடம் கேட்டார்.

“ஏன் பிள்ளை, அந்தக் கண்டி வேலைக்கு நீர் போகேல்லை?”

“உங்களுக்குக் குளிர் ஒத்துவராது எண்டு இவர் சொன்னவர், மாமா.”

அவர் அறைக்குள் போய், கடதாசி பிரிக்காத ஒரு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். “கண்டிக்குப் போறம் எண்டு நினைச்சு வாங்கினனான்” என்றார்.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவரைப் போல ஒரு மனுசன் எனக்குக் கிடைத்தது நான் செய்த புண்ணியம். காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சித் தந்தவர், என் சம்பளத்தைப் பற்றி ஒருநாளும் கேள்வி கேட்காதவர், என் ஆட்களைத் தன் ஆட்களாகப் பார்த்தவர். ஆனால் அவருக்குப் பயம் இருந்தது. புது ஊர், அவருடைய வங்கி வேலைக்கும் ஒரு புதுக் கிளை, மனுசி பெரிய கதிரையில் இருக்க, தான் அங்கே யார் என்ற பயம். அந்தப் பயத்தைத் தன் வாயால் சொல்ல வெட்கப்பட்டு, தகப்பனின் தலையில் போட்டுவிட்டார். “எனக்குப் பயமாக் கிடக்குது, போக வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே, மனதார, அவருக்காக நின்றிருப்பேன். நின்றதில் எனக்கு வருத்தமில்லை, தம்பி. இல்லாத ஒரு காரணத்துக்காக நின்றேன் என்பதுதான் இவ்வளவு காலமும் உறுத்துகிறது. அப்பப்பாவும் பாவம், கடைசிவரை, தன்னால்தான் மருமகளின் வேலை போனது என்று என் முகத்தை நேரே பார்க்கக் கூச்சப்பட்டார்.

நீயும் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவள் நான். உன் வேலை உன் லாப்டொப்புக்குள் இருக்கிறது. பாதி நாள் அரைக்காற்சட்டையோடு வீட்டிலிருந்துதான் செய்கிறாய். அதைத் தாய்லாந்தில் இருந்தும் செய்யலாம் என்று உன் கம்பனியே சொன்னதாக விபா சொன்னாள். அப்போ தடை வேலையில்லை. பாஷை தெரியாது, கடையில் போய் ஒரு பாண் வாங்கவும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அங்கே எல்லாருக்கும் நீ ‘டொக்டர் விபாவின் புருசன்’, இதுதானே? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே அவள் அப்படித்தானே இருக்கிறாள்? மார்க்கெட்டில் மீன்காரர் சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, நடுவில் நின்று சிரித்துக்கொண்டு, இரண்டையும் படித்துக்கொண்டாளே. அவளால் முடிந்தது உன்னாலும் முடியும். முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் அதை அவளிடம் சொல்.

என்னைப் பற்றிய கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் உன் சித்தி தனியாக மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் புலம்பிக்கொண்டிருக்கிறாள். நேற்று போன் எடுத்து, என்னோடு வந்து இரு என்றேன். ஒருதரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, எந்த அறை என்று கேட்டாள். அவளும் நானும் சின்ன வயதிலிருந்தே சண்டைக்காரிகள். தனிமையை நினைக்க எங்களுக்கு நேரம் கிடைக்காது. சுகமில்லாமல் போனால் கீழ்வீட்டு டொக்டர் இருக்கிறார். நீ வருசத்துக்கு இரண்டு தரம் வா. நானும் வருவேன். உன் பிள்ளைகள் எந்தப் பாஷையில் என்னைக் கூப்பிட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

விபாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நான் சொன்னால் கல்யாணத்துக்கு முதலே நீ அவளுக்கு முன்னால் பொய்க்காரன். நீயே போய்ச் சொன்னால் அவள் கொஞ்சம் கோபப்படுவாள், பிறகு சமாளிப்பாள். உண்மை சொன்ன மனுசனோடு கோபம் நெடுநாள் நிற்காது. ஆகவே வியாழக்கிழமைக்கு முதல் போ. “அம்மா ஒண்டும் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான், எனக்குத்தான் பயம்” என்று அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல். அதற்குப் பிறகு அவள் போகட்டும், அல்லது உனக்காக நிற்கட்டும். எதைச் செய்தாலும், யாருக்காகச் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டு செய்யட்டும். அவள் நிற்பதென்று முடிவெடுத்தால் நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

ஆனால் எனக்காக என்று மட்டும் நிற்க விடாதே. இத்தனை வருசத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மகள் கிடைத்திருக்கிறாள். அவளுடைய முகத்தை நான் கூச்சமில்லாமல் நேரே பார்க்க வேண்டும்.

அம்மா